கால் ஏக்கர்

கொழும்பு நூதனசாலையின் முன்றலில் ஒரு தேசாதிபதியின் சிலை நிற்கிறது. 1872 முதல் 1877 வரை இலங்கையை ஆண்ட சேர் வில்லியம் ஹென்றி கிரகரியின் சிலை அது. நூதனசாலையை நிறுவியவர் அவர். பாழடைந்து கிடந்த குளங்களைத் திருத்துவித்தவர். நுவரெலியாவில் உள்ள வாவியும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது. நம் சரித்திர நூல்கள் அவரை நல்ல தேசாதிபதிகளின் வரிசையில் வைத்துப் பேசுகின்றன. அதில் தவறில்லை. செய்ததைச் செய்தார் என்று சொல்வதே நியாயம்.

அயர்லாந்தின் சரித்திரத்திலோ இதே பெயர் வேறொரு காரியத்துக்காக நிலைத்திருக்கிறது. 1847 ஆம் ஆண்டு மார்ச் மாதம். அயர்லாந்து மக்கள் பட்டினியால் வீதியோரங்களில் விழுந்து இறந்துகொண்டிருந்த காலம். லண்டன் பாராளுமன்றத்தில் வறியோர் நிவாரணச் சட்டமொன்று விவாதிக்கப்பட்டது. அன்று டப்ளின் நகரின் பிரதிநிதியாக இருந்தவர், நிலப்பிரபு குடும்பமொன்றில் பிறந்த இந்தக் கிரகரி. அவர் ஒரு திருத்தத்தைக் கொண்டுவந்தார். கால் ஏக்கருக்கு மேல் நிலம் வைத்திருக்கும் எவருக்கும் அரசின் நிவாரணம் இல்லை. உணவு வேண்டுமாயின் எஞ்சிய நிலத்தை விட்டுக்கொடுத்துவிட்டு வரவேண்டும். திருத்தத்தின் சாரம் இவ்வளவே. 117 பேர் அதை ஆதரித்தனர். எதிர்த்தவர் 7 பேர்.

பசித்து வந்தவனைப் பார்த்து, "உன் காணியை எழுதித் தா, கஞ்சி ஊற்றுகிறேன்" என்று ஊர் வட்டிக்காரன் ஒருவன் சொன்னால் அவனைக் கொடியவன் என்போம். அதையே ஒரு பாராளுமன்றம் சொன்னால் அதற்குச் சட்டம் என்று பெயர் வைக்கிறோம்.

இந்தக் கால் ஏக்கர் தனி மனிதர் ஒருவரின் கல்நெஞ்சில் பிறந்ததன்று. கிரகரி தம் சொந்தக் குடிகளிடம் இரக்கத்தோடு நடந்தவர் என்று சொல்வோரும் உண்டு. அது உண்மையாகவே இருக்கட்டும். நாம் பேச வந்தது அவரது குணத்தைப் பற்றியல்ல. முந்நூறு ஆண்டுக் காலம் எழுதப்பட்ட ஒரு காணிக் கணக்கில் இந்தக் கால் ஏக்கர் கடைசிப் பக்கத்து வரி. அந்தக் கணக்கை முதற் பக்கத்திலிருந்து வாசிக்காமல் அயர்லாந்தின் பெரும் பஞ்சத்தை விளங்கிக்கொள்ள முடியாது. வாசிக்க விரும்பாதவர்களே, "உருளைக்கிழங்கில் நோய் விழுந்தது, மக்கள் இறந்தனர்" என்று ஒரே மூச்சில் விஷயத்தை முடித்துவிடுகின்றனர்.

* * *

1841 ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அயர்லாந்தில் வாழ்ந்தோர் ஏறத்தாழ 81 இலட்சத்து 75 ஆயிரம் பேர். 1851 இல் மீண்டும் எண்ணியபோது அத்தொகை 65 இலட்சத்து 52 ஆயிரமாகக் குறைந்திருந்தது. பஞ்சத்திலும் அதனோடு வந்த காய்ச்சலிலும் இறந்தோர் ஏறக்குறைய 10 இலட்சம். கடல் கடந்து ஓடியோர் அதற்கும் மேல். இரத்தப்போக்கு அத்துடன் நிற்கவில்லை. தலைமுறை தலைமுறையாக இளைஞரும் யுவதிகளும் கப்பலேறிக்கொண்டே இருந்தனர். இன்று அயர்லாந்துக் குடியரசையும் வட அயர்லாந்தையும் சேர்த்து எண்ணினாலும் - 2021, 2022 ஆம் ஆண்டுக் கணக்குகளின்படி - அத்தீவின் சனத்தொகை 70 இலட்சத்தைச் சற்றே தாண்டியிருக்கிறது. 1841 இல் இருந்த தொகையை நூற்றெண்பது ஆண்டுகளுக்குப் பின்னரும் அந்நாடு எட்டவில்லை.

ஒரு கிழங்கின் நோய்க்கு இத்தனை வலிமை உண்டா?

அந்த நோய் அயர்லாந்தை மட்டும் தேடி வந்ததன்று. 1845, 1846 ஆம் ஆண்டுகளில் பெல்ஜியத்தின் வயல்களிலும் ஒல்லாந்தின் வயல்களிலும் ஸ்கொத்லாந்தின் மலைநாட்டிலும் அதே பூஞ்சணம் பரவியது. அங்கும் மக்கள் துன்புற்றனர். அங்கும் மரணங்கள் நிகழ்ந்தன. ஆயினும் அந்த நாடுகளில் எட்டில் ஒருவர் இறக்கவில்லை. ஆகவே, "கிழங்கு ஏன் அழுகிற்று?" என்பதல்ல நாம் கேட்க வேண்டிய கேள்வி. அதற்குத் தாவரவியலாளர் விடை சொல்வர். கோதுமையும் வாற்கோதுமையும் ஓட்ஸும் விளைந்த ஒரு நாட்டில், வெண்ணெயையும் மாட்டையும் பன்றியையும் இங்கிலாந்துக்கு அனுப்பிய ஒரு நாட்டில், முப்பது இலட்சம் மக்கள் ஒரே கிழங்கை நம்பி உயிர்வாழ வேண்டிய நிலை ஏன் வந்தது? இதற்கு விடை வயலில் இல்லை. காணி உறுதியில் இருக்கிறது.

* * *

அயர்லாந்தின் நிலம் வாளினால் மட்டும் பறிபோகவில்லை. வாள் வழியைத் திறந்தது. உள்ளே புகுந்து குடியமர்ந்தது காகிதம்.

பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் தெற்கேயுள்ள மன்ஸ்டர் மாகாணத்தில் டெஸ்மண்ட் பிரபுவின் கிளர்ச்சி ஒடுக்கப்பட்டது. அவர் குலத்தினரின் நிலங்கள் முடிக்குரியனவாக்கப்பட்டு ஆங்கிலேயருக்குப் பங்கிடப்பட்டன. கோர்க் பகுதியில் ஏறத்தாழ 3,000 ஏக்கரைப் பெற்றவர்களுள் ஒருவர் எட்மண்ட் ஸ்பென்சர் - ஆங்கிலக் கவிதையின் பெருமைகளுள் ஒருவர் என்று நமது பல்கலைக்கழகங்களிலும் போதிக்கப்படும் அதே ஸ்பென்சர். அயர்லாந்தை அடக்கும் வழிபற்றி அவர் 1596 அளவில் ஓர் உரையாடல் நூல் எழுதினார். மன்ஸ்டர் மக்கள் பட்டினியால் மாண்டதைத் தம் கண்ணால் கண்டவர், அந்தப் பட்டினியையே நாட்டை அடக்கும் கருவியாக அதில் எடுத்துரைக்கிறார். அழகியல் வேறு, அரசியல் வேறு என்று நமக்கு உபதேசம் செய்யும் பண்டிதர்கள் இந்த நூலையும் ஒருமுறை புரட்டுவார்களாக. கவிஞனின் கையில் காணி உறுதி இருந்தபோது அவனது பேனா எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதை அதில் காணலாம்.

அடுத்து வடக்கே அல்ஸ்டர். 1607 இல் அம்மாகாணத்தின் பழந்தலைவர்கள் நாட்டைவிட்டுக் கப்பலேறினர். உடனே ஆறு மாவட்டங்களின் நிலம் முடிக்குரியதாகப் பிரகடனம் செய்யப்பட்டது. அது 1,000, 1,500, 2,000 ஏக்கர்களாகத் துண்டுபோடப்பட்டு, இங்கிலாந்திலிருந்தும் ஸ்கொத்லாந்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து குடியேற்றுவதாக ஒப்புக்கொண்டவர்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஒரு பகுதியை லண்டன் மாநகரின் வணிகக் கழகங்களே எடுத்துக்கொண்டன. டெரி என்ற ஊரின் பெயருக்கு முன்னால் 1613 இல் 'லண்டன்' என்ற ஒட்டு வந்து ஏறியது இப்படித்தான். முதலீட்டாளன் தன் பெயரை ஊரின் நெற்றியிலேயே எழுதிவைத்தான்.

மூன்றாவது அடி எல்லாவற்றிலும் கொடியது. 1641 இல் அயர்லாந்து மக்கள் கிளர்ந்தெழுந்தனர். அக்கிளர்ச்சியில் குடியேறியோர் பலர் கொல்லப்பட்டனர். அதை நாம் மறைக்கவேண்டியதில்லை. அடுத்த ஆண்டு ஆங்கிலப் பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டத்தைப் பாருங்கள். கிளர்ச்சியை ஒடுக்கும் போருக்குப் பணம் கடனாகக் கொடுப்போருக்கு, வெற்றிக்குப் பின் பறிமுதலாகப்போகும் அயர்லாந்து நிலத்தில் 25 இலட்சம் ஏக்கர் ஈடாகக் காட்டப்பட்டது. போர் முடியுமுன்னரே கொள்ளைப் பொருள் விற்பனையாகிவிட்டது! இப்படிப் பணம் போட்டவர்களுக்குச் சட்டம் வைத்த பெயர் 'துணிகர முதலீட்டாளர்' என்ற பொருளுடையது. பங்கு வைத்து நடத்தப்பட்ட போரில் சமாதானம் வந்தால் யாருக்கு நட்டம் என்பதை வாசகரே ஊகித்துக்கொள்ளலாம்.

1649 இல் குரொம்வெல் வந்தான். மன்னனின் தலையைக் கொய்த புரட்சிக்காரன்; தன் நாட்டில் புதியதொரு யுகத்தின் வாயிலைத் திறந்தவன். கடலைத் தாண்டியதும் அவன் துரோகெடாவிலும் வெக்ஸ்போர்டிலும் படுகொலை செய்தான். 1652 ஆம் ஆண்டுச் சட்டமும் அதைத் தொடர்ந்த கட்டளைகளும் கத்தோலிக்க நிலவுடைமையாளரை ஷனன் ஆற்றுக்கு மேற்கே, கொனாட் மாகாணத்தின் கல்நிலத்துக்குப் போகச் சொல்லின. 1654 மே மாதம் முதலாந் திகதி கெடு. நல்ல நிலம் முழுவதும் பணம் போட்டவனுக்கும், சம்பளப் பாக்கிக்கு ஈடாகப் படைவீரனுக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த ஏழைப் படைவீரனும் ஏமாந்தான். கையிற் காசில்லாத அவன் தன் நிலச்சீட்டை அற்ப விலைக்குத் தன் மேலதிகாரிக்கே விற்றான். ஒரு நாட்டைச் சுரண்டப் புறப்பட்ட வர்க்கம் தன் நாட்டு ஏழையையும் சுரண்டாமல் விடுவதில்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பங்கிடுவதற்கு முன் அளக்கவேண்டும் அல்லவா? 1655, 1656 ஆம் ஆண்டுகளில் வில்லியம் பெற்றி என்பவரின் தலைமையில் அயர்லாந்தின் நிலம் சங்கிலி பிடித்து அளக்கப்பட்டது. அத்தனை விரிவான, அத்தனை நுட்பமான நில அளவை அன்று உலகில் அரிது. பெற்றி பேரறிவாளர், அரசியற் பொருளாதாரத்தின் தந்தை என்று மார்க்ஸே மதித்தவர். அளந்து முடித்தபின் கெரிப் பகுதியில் பெருநிலத்துக்கு அவரே உடைமையாளராகிவிட்டார். விஞ்ஞானம் நடுநிலையானது என்போர் இந்த அளவுச் சங்கிலியின் மறுமுனையை யார் பிடித்திருந்தார் என்றும் பார்க்கவேண்டும்.

* * *

கணக்கை இப்போது கூட்டிப் பார்ப்போம். 1641 இல் அயர்லாந்தின் நிலத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 60 பங்கு கத்தோலிக்கரின் கையில் இருந்தது. 1688 இல் அது 22 ஆயிற்று. 1703 இல் 14. நாட்டு மக்களுள் மிகப் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர் என்பதை நினைவிற் கொண்டு இந்த எண்களை வாசிக்கவேண்டும்.

எஞ்சிய 14 பங்கையும் அரிப்பதற்கு 1704 ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. கத்தோலிக்கன் நிலம் வாங்கக்கூடாது. 31 ஆண்டுக்கு மேற்பட்ட குத்தகை எடுக்கக்கூடாது. அவன் இறந்தால் நிலம் எல்லா ஆண் பிள்ளைகளுக்கும் துண்டு துண்டாகப் பிரியும். மூத்த மகன் அரசின் மதத்துக்கு மாறினால் மட்டும் முழுவதும் அவனுக்கே. தந்தைக்கும் மகனுக்கும் இடையில், அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையில், காணி ஆசையை வைத்து ஆப்பு இறுக்கிய சட்டம் இது.

இதைக் காட்டி, "அயர்லாந்தின் துயரம் மதச்சண்டையின் துயரம்" என்று சொல்வோர் இன்றும் உள்ளனர். அவர்களை நாம் கேட்கிறோம்: கத்தோலிக்கனின் ஆன்மாவின் மீது இத்தனை அக்கறை கொண்ட சட்டம், அவனுடைய குத்தகைக் காலத்தை ஏன் எண்ணிக்கொண்டிருந்தது? அவன் மதம் மாறினால் சொர்க்கம் கிடைக்கும் என்று சொல்லாமல் காணி கிடைக்கும் என்று ஏன் சொன்னது? மதம் வேலியாக நாட்டப்பட்டது. வேலிக்குள்ளே இருந்தது நிலம். அல்ஸ்டரில் குடியேற்றப்பட்ட புரட்டஸ்தாந்தக் கமக்காரனும் குத்தகை உயர்வைத் தாங்கமாட்டாமல் பதினெட்டாம் நூற்றாண்டில் ஆயிரமாயிரமாய் அமெரிக்காவுக்கு ஓடினான். 1791 இல் பெல்பாஸ்ட் நகரில் ஐக்கிய அயர்லாந்தியர் சங்கத்தைத் தொடங்கியவர்களுட் பெரும்பாலோர் அந்தப் புரட்டஸ்தாந்தரே. இரு மதத்து ஏழைகளும் ஒன்றுசேரக்கூடும் என்ற அச்சமே ஆண்டவர்களின் பேரச்சமாக இருந்தது. அந்த அச்சம் ஆதாரமற்றதன்று.

* * *

நிலம் போனபின் மக்கள் எங்கே போவர்? அதே மண்ணில், அந்நியனின் குத்தகைக்காரராக நின்றனர். உடைமையாளன் லண்டனில் இருந்தான். அவனிடம் பெருநிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவன் அதைத் துண்டாக்கி அடுத்தவனுக்குக் கொடுத்தான். அவன் இன்னும் சிறிய துண்டாக்கி இன்னொருவனுக்குக் கொடுத்தான். ஒவ்வொரு படியிலும் குத்தகை ஏறியது. அடிப்படியில் நின்றவனுக்குக் கிடைத்தது ஓர் ஏக்கர், அரை ஏக்கர். அதுவும் சில வேளைகளில் ஒரு போகத்துக்கு மட்டும். அவன் கல் பொறுக்கி, வடிகால் வெட்டி, கடற்பாசி சுமந்து எருவிட்டு நிலத்தைத் திருத்தினால் அடுத்த ஆண்டு குத்தகை கூடியது. உழைத்தவனுக்கு உழைப்பே அபராதமாயிற்று. பிறகு, "அயர்லாந்துக்காரன் சோம்பேறி" என்று எழுதினார்கள்!

விளைந்த தானியம் குத்தகைக்கு. வளர்த்த பன்றி குத்தகைக்கு. அரை ஏக்கரில் ஒரு குடும்பத்தின் வயிற்றை ஆண்டில் ஒன்பது, பத்து மாதம் நிரப்பக்கூடிய பயிர் ஒன்றுதான் இருந்தது. அது உருளைக்கிழங்கு. அயர்லாந்துக் கமக்காரன் அதை விரும்பித் தேர்ந்தெடுக்கவில்லை. குத்தகை போக எஞ்சிய நிலத்தின் அளவே அதை அவனுக்காகத் தேர்ந்தெடுத்தது.

1843 இல் பிரபு டெவனின் தலைமையில் ஓர் ஆணைக்குழு இந்நிலைமையை விசாரித்தது. நோயாளியின் உடலை நோயே பரிசோதித்ததுபோல, ஆணையாளர் எல்லாரும் நிலவுடைமையாளர்கள். அவர்களே மறுக்கமுடியாத அளவுக்குச் சாட்சியம் குவிந்தது. அறிக்கை 1845 பெப்ரவரியில் வந்தது. அதே ஆண்டு செப்டெம்பரில் கிழங்கு அழுகத் தொடங்கியது. அறியாமல் நேர்ந்த விபத்து என்று சொல்லும் வாய்ப்பை அந்த அறிக்கையே அடைத்துவிட்டது.

* * *

பஞ்ச காலத்தில் அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று நாம் சொல்லவில்லை. மிகைப்படுத்த வேண்டிய தேவை நமக்கில்லை, உண்மையே போதுமானது.

முதலாண்டில் பிரதமர் பீல் அமெரிக்காவிலிருந்து சோளம் வாங்குவித்தார். 1846 இல் ரஸ்ஸலின் அரசு வந்தது. நிவாரணத்தின் கடிவாளம் திறைசேரியின் உதவிச் செயலாளர் சார்ல்ஸ் திரெவெலியனின் கையில் இருந்தது. சந்தையில் அரசு தலையிடக்கூடாது என்பது அவர்களது வேதம். பட்டினி கிடந்தவர்கள் வீதிக்குக் கல் உடைத்துக் கூலி பெறவேண்டும் என்றனர். 1847 மார்ச்சில் ஏழு இலட்சத்துக்கு மேற்பட்டோர் குளிரில் கல் உடைத்தனர். கூலி குறைவு; அதுவும் காலந்தாழ்த்தி வந்தது. தானியத்தின் விலையோ அதற்கு எட்டாத உயரத்தில் இருந்தது.

பின்னர் வேறு வழியின்றிக் கஞ்சித்தொட்டிகள் திறக்கப்பட்டன. 1847 ஜூலையில் நாளொன்றுக்கு ஏறத்தாழ 30 இலட்சம் பேருக்கு உணவு வழங்கப்பட்டது. இதை நன்றாகக் கவனியுங்கள். புகையிரதம் பரவாத, தந்தி எட்டாத நாட்டில், சில மாதங்களுக்குள் 30 இலட்சம் வயிறுகளுக்கு உணவளிக்க அந்த அரசால் முடிந்தது. முடியும் என்று நிரூபித்தபின் அது என்ன செய்தது? அதே ஆண்டு இலையுதிர்காலத்துக்குள் தொட்டிகளை மூடிவிட்டது. இனி வறியோரின் பாரம் அயர்லாந்தின் சொந்த வரியின் மேல் என்றது. அந்தப் புதிய சட்டத்தின் உள்ளேதான் கிரகரியின் கால் ஏக்கர் இருந்தது.

அதனோடு இன்னொரு விதியும் கைகோத்தது. ஆண்டு மதிப்பு 4 பவுணுக்கு மேற்படாத நிலங்களின் வறியோர் வரியை உடைமையாளனே கட்டவேண்டும் என்று 1843 முதல் சட்டம் இருந்தது. ஆகவே சிறு குடியானவன் ஒவ்வொருவனும் பிரபுவுக்கு ஒரு செலவு. அவனை அகற்றினால் வரி மிச்சம். நிலமும் மாடு மேய்க்க ஒதுங்கும். பசி அவனை நிவாரணத்துக்குத் துரத்தியது. நிவாரணம் அவனிடம் நிலத்தைக் கேட்டது. நிலத்தை விட்டதும் அவனது குடிசையின் கூரை பிரிக்கப்பட்டது. 1849 முதல் 1854 வரையில் மட்டும் ஏறத்தாழ இரண்டரை இலட்சம் பேர் நிரந்தரமாக வெளியேற்றப்பட்டதாகக் காவற்படையின் கணக்கே கூறுகிறது. குரொம்வெல் ஆணையிட்டும் முடிக்கமுடியாமற்போன வேலையைக் கால் ஏக்கர் விதி சத்தமின்றிச் செய்தது.

"ஆனால் 1847 இல் அயர்லாந்துக்கு இறக்குமதியான தானியம் ஏற்றுமதியானதைவிட மிகுதி அல்லவா?" என்று கேட்போர் உளர். மெய்தான். அந்தக் கப்பல்கள் வந்துசேர்வதற்கு முந்திய இலையுதிர்காலத்திலும் குளிர்காலத்திலும், மக்கள் விழுந்துகொண்டிருந்த வேளையில், துறைமுகங்களிலிருந்து தானியமும் கால்நடையும் வெண்ணெயும் காவலோடு போய்க்கொண்டிருந்தன என்பதும் மெய்தான். கப்பல் வந்த பின்னரும் மக்கள் இறந்தனரே, ஏன்? உணவு இருந்தது; அதை வாங்கும் காசு இருக்கவில்லை. காசு குத்தகையாகப் போய்விட்டது. சந்தையின் தராசு பசியை நிறுப்பதில்லை; பணத்தையே நிறுக்கிறது.

அரசிடமும் பணம் இல்லையோ? 1833 இல் அடிமை முறையை ஒழித்தபோது, அடிமைகளுக்கல்ல, அடிமைகளின் உடைமையாளர்களுக்கு நட்டஈடாக அதே பாராளுமன்றம் 2 கோடி பவுண் ஒதுக்கியது. தன் ஆட்சிக்குட்பட்ட அயர்லாந்தின் பஞ்சத்துக்கு அது செலவிட்டது 1 கோடிக்கும் குறைவு. அதிலும் பெரும்பகுதி கடன் என்ற பெயரில். உடைமை இழந்தவனுக்கு இரங்கிய நெஞ்சம், உயிர் இழப்பவனுக்கு இரங்கவில்லை. இதைக் காலத்தின் கொள்கை என்று மன்னிக்கச் சொல்கிறார்கள். அந்தக் கொள்கை யாருடைய வயிற்றையாவது காயப்போடுமாறு அதை வகுத்தவர்களிடம் ஒருநாளும் கேட்டதில்லையே!

* * *

இத்தனையும் தொலைதூரத்துத் தீவொன்றின் கதை என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. பஞ்சத்தைக் கடவுளின் கரம் எழுதிய தீர்ப்பாகக் கண்டு 1848 இல் நூல் எழுதிய அதே திரெவெலியன், 1859 இல் சென்னை மாகாணத்தின் ஆளுநராக வந்தார். அவர் போனபின்னும் அவரது வேதம் போகவில்லை. 1876 முதல் 1878 வரை தமிழ் மாவட்டங்களைச் சூறையாடிய பஞ்சத்தில், சந்தையில் தலையிடாதே, கூலியைக் குறை என்ற அதே மந்திரம் ஓதப்பட்டது. அப்பஞ்சத்துக்குத் தப்பிக் கடல் கடந்தவர்கள்தாம் மலைநாட்டுக் கோப்பித் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தவர்களுட் பலர். அவ்வேளை இலங்கையின் தேசாதிபதி கிரகரி. அந்தத் தோட்டங்களின் நிலமும் 1840 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கச் சட்டத்தின் நிழலில் பெறப்பட்டது. உறுதி காட்டமுடியாத சேனையும் காடும் முடிக்குரியன என்று அச்சட்டம் அனுமானித்தது. உறுதி கேட்டு நிலம் பறிக்கும் கலையை அந்த அரசு எங்கே பயின்றது என்று இனிச் சொல்லவேண்டியதில்லை.

* * *

அயர்லாந்து மக்கள் இறந்துகொண்டே இருந்தவர்கள் அல்லர். எழுந்து நின்றவர்களும் அவர்களே.

1846 இல் மேயோ மாவட்டத்தில் ஒரு குழந்தை பிறந்தது. நான்கு வயதில் அதன் குடும்பம் குடிசையிலிருந்து வெளியேற்றப்பட்டது. இங்கிலாந்தின் பஞ்சாலை நகரொன்றுக்குப் பிழைக்கப் போனார்கள். பதினொரு வயதில் ஆலை இயந்திரம் அப்பிள்ளையின் வலக்கரத்தைப் பறித்தது. நிலப்பிரபு வீட்டைப் பறிக்க, முதலாளியின் இயந்திரம் கையைப் பறிக்க, எஞ்சிய ஒரு கையோடு திரும்பிவந்த அந்த மைக்கேல் டேவிற்தான் 1879 ஒக்டோபரில் நிலச் சங்கத்தை நிறுவினார்.

அச்சங்கத்தின் படைக்கலம் எளியது. நியாயமற்ற குத்தகையைக் கொடாதே, வெளியேற்றப்பட்டவனின் நிலத்தை எடாதே, எடுத்தவனோடு பேசாதே. 1880 இல் மேயோவில் ஒரு பிரபுவின் காரியஸ்தனாக இருந்த கப்டன் பொய்கொட்டுக்கு அறுவடை செய்ய ஒருவரும் வரவில்லை; கடைக்காரன் சாமான் விற்கவில்லை. வடக்கேயிருந்து ஐம்பது பேரை வரவழைத்து, அவர்களைக் காக்க ஆயிரம் படைவீரரையும் காவலரையும் நிறுத்தி அறுவடை நடந்தது. கிழங்கின் விலையைவிடக் காவலின் செலவு பன்மடங்கு! நாம் பகிஷ்கரிப்பு என்று சொல்லும் செயலுக்கு ஆங்கில மொழியில் அந்தக் கப்டனின் பெயரே நிலைத்துவிட்டது. தலைவர்கள் சிறைக்குப் போனபோது அன்னா பார்னெலின் தலைமையில் பெண்கள் சங்கத்தை நடத்தினர். 1881 இல் நியாயமான குத்தகையையும் நிலைத்த குடியுரிமையையும் சட்டமாக்க லண்டன் இணங்கியது. அது இரக்கத்தால் இணங்கவில்லை.

ஆயினும் இறுதிக் கணக்கைப் பாருங்கள். 1903 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பிரபுக்கள் நிலத்தை விற்றனர்; குடியானவர் வாங்கினர். பிரபுவுக்கு முழு விலையும், மேலே நூற்றுக்கு 12 வெகுமதியும் உடனே கிடைத்தன. குடியானவனோ அறுபத்தெட்டரை ஆண்டு தவணை கட்டவேண்டும். தன் பாட்டனிடமிருந்து பறித்த நிலத்துக்குப் பேரன் விலை கொடுத்தான்! சுதந்திரம் பெற்ற பின்னரும் அத்தவணை லண்டனுக்குப் போய்க்கொண்டிருந்தது. 1932 இல் டி வலேராவின் அரசு அதை நிறுத்தியபோது பிரித்தானியா பொருளாதாரப் போர் தொடுத்தது. 1938 இல் 1 கோடி பவுண் கொடுத்தே அந்தக் கணக்கு முடிக்கப்பட்டது. கூலிக்கு உழைத்த நிலமற்றவனுக்கு அப்போதும் நிலமில்லை. கொடியை மாற்றினால் மட்டும் போதாது, உடைமையை மாற்றவேண்டும் என்று எச்சரித்த ஜேம்ஸ் கொனொலியை 1916 இல் நாற்காலியில் கட்டிவைத்துச் சுட்டுக்கொன்றிருந்தார்கள்.

பஞ்சம் கொன்றது உடலை மட்டுமன்று. கொனாட்டிலும் மன்ஸ்டரிலும் அதிகம் மாண்டவர் ஐரிய மொழி பேசிய ஏழைகளே. 1851 இல் அம்மொழியைப் பேசியோர் நாட்டில் நாலில் ஒரு பங்குக்கும் குறைந்துவிட்டனர். தாய்மொழி பேசிய பாட்டியின் பேரன், கப்பலேறுவதற்கென்றே ஆங்கிலம் கற்றான். நிலத்தை இழந்த இனம் தன் சொல்லையும் இழக்கும் என்பதற்கு வேறு உதாரணம் தேடவேண்டாம்.

நாம் ஆங்கிலேய மக்கள்மேல் பகை வளர்க்க இதை எழுதவில்லை. அயர்லாந்துத் தொழிலாளியை இழிவாகக் கருதும் ஆங்கிலத் தொழிலாளி தன் சொந்த எசமானனின் கையையே வலுப்படுத்துகிறான் என்று மார்க்ஸ் 1870 இல் எழுதினார். அது இன்றும் வாசிக்கவேண்டிய கடிதம். அயர்லாந்தின் குத்தகைப் பணம் லங்காஷயர் நெசவாளியின் வீட்டுக்குப் போகவில்லை.

1997 இல் பிரித்தானியப் பிரதமரின் பெயரால், அன்றைய லண்டன் அரசு தன் கடமையில் தவறியது என்று ஓர் அறிக்கை அயர்லாந்தில் வாசிக்கப்பட்டது. அதைப் பிரதமர் எழுதவுமில்லை, பார்த்து ஒப்புதல் தரவுமில்லை. அவரது அலுவலர்களே எழுதினர் என்பது 2021 இல் வெளிவந்த அரசாங்கக் கோவைகளால் தெரிந்தது. பத்து இலட்சம் பிணங்களுக்குக் கிடைத்த வருத்தமும் குத்தகைக்கு எடுத்த வருத்தமே!

அத்தகைய வருத்தம் யாருக்கு வேண்டும்? சொல்லைத் திருத்துங்கள் என்பதே நமது கோரிக்கை. பாடநூல்களில் 'உருளைக்கிழங்குப் பஞ்சம்' என்று எழுதாதீர்கள். அது குத்தகைப் பஞ்சம். இயற்கை கிழங்கை அழித்தது. மனிதரை அழித்தது நிலச்சட்டம்.

கிரகரியின் சிலையை இடிக்கவும் நாம் சொல்லவில்லை. அது அங்கேயே நிற்கட்டும். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நூதனசாலைக்குப் போகும் ஆசிரியர்கள் அதன் முன்னால் சற்றே நிற்கவேண்டும். குளங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். நூதனசாலையைப் பற்றிச் சொல்லவேண்டும். பின்னர், கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒரு கமக்காரனிடம் கேட்கப்பட்ட நிலத்தின் அளவையும் சொல்லவேண்டும்.